ஒரு கிலோவும் எட்டு ஆண்டுகளும்: சமோவாவின் எலே ஒபெலோங்கே

2008 ஆகஸ்ட், பெய்ஜிங் ஒலிம்பிக். பெண்கள் பளுதூக்கலில் 75 கிலோவுக்கு மேற்பட்ட எடைப் பிரிவில் சமோவாவின் எலே ஒபெலோங்கே ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்ற இரண்டு தூக்கு முறைகளிலும் சேர்த்துத் தூக்கியது 269 கிலோ. மூன்றாம் இடம் பெற்ற கஜகஸ்தானின் மரியா கிரபோவெட்ஸ்கயா 270. பளுதூக்கலில் இதைவிடச் சிறிய வித்தியாசத்துக்கு விதியில் இடமே இல்லை. பாரின் இரு முனையிலும் அரைக் கிலோ தட்டு ஒவ்வொன்று கூடுதலாக ஏறினால் அந்த ஒரு கிலோ வந்துவிடும். ஒபெலோங்கே நான்காம் இடத்துடன் ஊர் திரும்பினார்.

பெய்ஜிங்கில் சேகரித்த சிறுநீர் மாதிரிகளை உறைநிலையில் பாதுகாத்து வைத்திருந்த சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, பின்னாளில் அவற்றை மறுபரிசோதனைக்கு எடுத்தது. 2016இல், வெள்ளி வாங்கியிருந்த உக்ரைனின் ஒல்ஹா கொரோப்கா (277 கிலோ), வெண்கலம் வாங்கியிருந்த கிரபோவெட்ஸ்கயா இருவரின் மாதிரிகளிலும் ஊக்கமருந்து கண்டுபிடிக்கப்பட்டு அவர்களின் முடிவுகள் ரத்தாயின. தென்கொரியாவின் ஜாங் மி-ரான் 326 கிலோ தூக்கி வென்ற தங்கத்தில் மாற்றமில்லை. வெள்ளி ஒபெலோங்கேவுக்கும், வெண்கலம் 265 கிலோ தூக்கிய நைஜீரியாவின் மரியம் உஸ்மானுக்கும் வந்தன. சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் சமோவாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

இடைப்பட்ட காலத்தை யோசித்துப் பாருங்கள். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் ஒபெலோங்கே 285 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அவருடைய சகோதரர் நியுசிலாவும் அதே போட்டியில் தங்கம் வென்றார். 2014 கிளாஸ்கோவில் உஸ்மானுக்கு அடுத்து வெள்ளி. உடல் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டுகள் முழுவதும் அவர் பெயருக்கு முன்னால் ‘ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்’ என்ற அடைமொழி இல்லை. நிதி ஒதுக்குபவர்களும் விளம்பரதாரர்களும் பார்க்கும் முதல் வரி அதுதான். சிறிய தீவு நாட்டு வீராங்கனைக்கு அந்த இழப்பை எட்டு ஆண்டு கழித்து வரும் பதக்கத்தால் ஈடுகட்ட முடியாது.

பெய்ஜிங்கில் ஏன் பிடிபடவில்லை? அந்த மறுபரிசோதனைகளில் பெரும்பாலும் சிக்கியவை டியூரினபால், ஸ்டானோசோலால் என்ற, தசையை வளர்க்கும் இரண்டு ஸ்டீராய்டுகள். உடல் இவற்றைச் சிதைத்து வெளியேற்றும் எச்சங்களைத்தான் ஆய்வகம் தேடுகிறது. 2008இல் தெரிந்திருந்த எச்சங்கள் விரைவில் மறைந்துவிடும். போட்டிக்குச் சில வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தியவர் சுத்தமானவராகத் தெரிவார். உடலில் நீண்டகாலம் தங்கும் எச்சங்கள் 2012ஐ ஒட்டித்தான் அடையாளம் காணப்பட்டன. டியூரினபாலை 40 நாளுக்குப் பிறகும் கண்டுபிடிக்க முடிந்தது அதனால்தான். அன்று மறுபரிசோதனைக்கு இருந்த காலவரம்பு எட்டு ஆண்டு. 2015 முதல் அது பத்து.

நேர்மையாக விளையாடுபவருக்குச் சிறுநீர் மாதிரியை அடைத்துவைக்கும் பாட்டில்தான் சாட்சி. அது ஒழுங்காக நிரப்பப்படுவதைக் கவனிப்பது அவருடைய பொறுப்பும்தான். நீங்கள் வீராங்கனையானால், சோதனைக்கு அழைத்த நொடியிலிருந்து உதவியாளர் ஒருவர் உங்களைக் கண்பார்வையிலேயே வைத்திருப்பார்; சிறுநீர் கொடுப்பதை நேரில் பார்ப்பவர் உங்கள் பாலினத்தவராகவே இருப்பார். சீல் உடைக்காத பானத்தை மட்டும் குடியுங்கள், ஆனால் அளவோடு. நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போய், மறுபடியும் மாதிரி கொடுக்கக் காத்திருக்க வேண்டிவரும். குறைந்தது 90 மில்லி தேவை. சீல் இட்ட பாத்திரங்களிலிருந்து ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் பி பாட்டிலில் (உறுதிப்படுத்தும் சோதனைக்கு) குறைந்தது 30 மில்லி, பிறகு ஏ பாட்டிலில் (முதல் சோதனைக்கு) குறைந்தது 60 மில்லி, ஊற்றுவதும் நீங்களே. அடர்த்தி பார்க்கப் பாத்திரத்தில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். மூடியைச் சத்தம் நிற்கும்வரை திருகி, கவிழ்த்துப் பார்த்துக் கசிவில்லை என்று உறுதி செய்யுங்கள். இரண்டு பாட்டில், பெட்டி, சோதனைப் படிவம் எல்லாவற்றிலும் எண் ஒன்றுதானா என்று ஒவ்வொரு இலக்கமாகப் படியுங்கள். எண் பொருந்தாவிட்டால் கையெழுத்திடும் முன்பே, தவறைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். அவசரப்படுத்தினாலும் அவசரப்படாதீர்கள்.

பெண்கள் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் வேறொன்றும் உண்டு. மாதவிடாய்க் கோளாறு, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி), முகப்பரு என்று மருத்துவரிடம் போனால் ஸ்பைரோனோலாக்டோன் எழுதிக் கொடுப்பது சாதாரணம். அது சிறுநீர்ப்பெருக்கி என்பதால், போட்டி நாள், பயிற்சி நாள் என்ற பேதமில்லாமல் எப்போதும் தடை. கருத்தரிப்புச் சிகிச்சையில் வரும் லெட்ரோசோல், குளோமிஃபீனும் அப்படியே. ரத்த அழுத்த மாத்திரைகள் பலவற்றில் ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற தடை செய்யப்பட்ட சிறுநீர்ப்பெருக்கி சேர்ந்திருக்கும். இவை உண்மையிலேயே தேவைப்பட்டால் சாப்பிடத் தொடங்கும் முன்பே மருத்துவ விலக்கு (தடை செய்த மருந்தைச் சிகிச்சைக்காக எடுக்க அனுமதி) கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ‘டாக்டர் கொடுத்தது’ என்ற பதில் தண்டனை கேள்வியில் சிறிது உதவலாம், மீறலை அழிக்காது.

மாதவிடாயைத் தள்ளிப்போடச் சாப்பிடும் நோரெதிஸ்டிரோனுக்குத் தடை இல்லை. ஆனால் அதிலிருந்து சிறுநீரில், தடை செய்யப்பட்ட நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு விட்டுச்செல்லும் அதே எச்சம் தோன்றலாம். ஆய்வகம் வேறுபடுத்திப் பார்க்கும் வழி இருக்கிறது. நீங்கள் அதைச் சாப்பிட்டது படிவத்தில் இருந்தால் வேலை எளிது. கடந்த ஏழு நாளில் எடுத்த மாத்திரை, ஊசி, இருமல் மருந்து, பவுடர் எல்லாவற்றையும் எழுதுங்கள். வெட்கப்பட்டு இந்த ஒரு மாத்திரையை எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

சப்ளிமென்ட் விஷயத்தில் நாங்கள் கறாராகவே சொல்வோம்: கொழுப்பைக் கரைக்கும், எடையைக் குறைக்கும் என்று ஜிம்மில் கைமாறும் பொடிகள் வேண்டாம். லேபிளில் இல்லாத ஸ்டீராய்டும், குளென்பியூட்டரால் என்ற தடை செய்யப்பட்ட மருந்தும் அவற்றில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. உடலில் எப்படி வந்தது என்பதை நிரூபிக்கும் சுமை வீராங்கனை தலையில்தான் விழும். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியும் தனி ஆய்வகத்தில் சோதித்து முத்திரை பெற்றதை வாங்கி, தொகுதி எண்ணைப் படமெடுத்து, பில்லோடு ஒரு டப்பாவைத் திறக்காமல் வையுங்கள்.

சோதனை முடிந்ததும் கையில் கொடுக்கும் படிவ நகல் கசங்கிக் கிழிந்துபோகும் மெல்லிய தாள். அன்றே ஸ்கேன் செய்து, பத்து ஆண்டு வரை இரண்டு இடத்தில் வைத்திருங்கள்.