பெட்டியில் 7000 எண்டு கிடந்தால் லப்டொப் பறக்காது

இந்தக் கிழமையும் ஒருவர் வந்தார். புதுக்குடியிருப்புப் பக்கம் ஸ்ரூடியோ வைத்திருக்கும் தம்பி. ஒரு கையில் பெட்டி பிரிக்காத ஜென் 4 (நான்காம் தலைமுறை) என்விஎம்இ எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்கில் குச்சி மாதிரி வரும் வேகமான வகை; மற்றக் கையில் 2013 அளவில் வந்த லப்டொப். "அண்ணை, பெட்டியிலை 7000 எண்டு கிடக்கு. இதிலை விண்டோஸைப் போட்டுத் தாங்கோ, பறக்கட்டும்."

அடிமூடியைக் கழற்றிக் காட்டினேன். அந்தக் குச்சியைச் செருக அதில் இடமே இல்லை. பழைய 2.5 அங்குல ஹாட் டிஸ்க் இருக்கிற சாட்டா (பழைய வகை இணைப்பு) இடம் ஒன்றுதான். வாங்கிய கடையோ விற்ற சாமானைத் திருப்பி எடுக்காதாம். சாமத்தியவீடு ஒன்றுக்கு வீடியோ எடுத்த காசு அப்படியே பெட்டிக்குள் கிடக்கிறது.

கிளிநொச்சியில் கணினி திருத்தும் என் மேசைக்கு இப்படி ஒரு கேஸ் வராத மாதமில்லை. வாங்கிவிட்டு வந்து கேட்காதீர்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் உளைந்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த எண்ணைப் பற்றி. சாட்டா எஸ்எஸ்டியின் பெட்டியில் 550 என்று இருக்கும். ஜென் 3 என்விஎம்இயில் 3500, ஜென் 4 இல் 7000. விநாடிக்கு அத்தனை எம்பி. பொய்யில்லை. ஆனால் அது ஒரே பெரிய கோப்பை முதலிலிருந்து கடைசிவரை ஒரே இழுப்பில் வாசிக்கும்போது வரும் வேகம். ஏ9 இல் நெல் மூட்டையோடு நிற்காமல் தெற்கே ஓடும் லொறி மாதிரி. விண்டோஸ் தொடங்குவதோ, ஒழுங்கைக்குள் வீடு வீடாய் நின்று அரை லீற்றர், ஒரு லீற்றராய்ப் பால் சேர்க்கிற வேலை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள், டிஸ்க்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் கிடக்கும். அவற்றை 4 கேபி துண்டுகளாய் ஒவ்வொன்றாய் எடுக்கும் வேகம் பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் வராது. நல்ல சாட்டா எஸ்எஸ்டியில் அது விநாடிக்கு 30, 40 எம்பி. நல்ல என்விஎம்இயில் 60, 80. அதாவது 550 க்கும் 7000 க்கும் நடுவே தெரிகிற பன்னிரண்டு மடங்கு, விண்டோஸ் கேட்கிற வேலையில் இரண்டு மடங்காய்ச் சுருங்கிவிடும். தொடங்கும் நேரத்தில் அதுவும் சில விநாடிதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒழிய, எது எதுவென்று உங்களுக்குப் பிடிபடாது.

பழைய ஹாட் டிஸ்க்கில் இதே எண் எவ்வளவு தெரியுமா? ஒரு எம்பி கூட வராது. நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும் டிஸ்க் ஒருமுறை சுற்றவே 11 மில்லிவிநாடி. வாசிக்கும் தலை நகரும் நேரம் வேறு. விநாடிக்கு நூறு துண்டு எடுத்தாலே பெரிய விசயம். டாஸ்க் மனேஜரில் டிஸ்க் 100% என்று சிவந்து நிற்க, "வைரஸ் எண்டு நினைக்கிறன்" என்று ரீச்சர்மார் லப்டொப்பைக் கொண்டுவருவது இதனால்தான். அநேகமாக வைரஸ் இல்லை. 7200 சுற்று வாங்கினால் சரிவருமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். வராது. 1 ரிபி, 2 ரிபி என்று அளவைக் கூட்டினாலும் வராது. ஹாட் டிஸ்க்கில் விண்டோஸ் போடும் காலம் முடிந்துவிட்டது.

ஆகவே பெரிய பாய்ச்சல் ஹாட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவதில் இருக்கிறது. எந்த எஸ்எஸ்டி என்பதை உங்கள் மெசினில் இருக்கும் இடம் தீர்மானிக்கட்டும். கோர் 2 டுவோ காலத்துப் பழசில் சாட்டா 2 தான், விநாடிக்கு 300 எம்பியைத் தாண்டாது. தாண்டாவிட்டால் என்ன? சின்னக் கோப்புகளுக்கு அது காணும். எம்.2 இடம் (குச்சி எஸ்எஸ்டி செருகும் இடம்) இருக்கிற லப்டொப்பிலும் அவசரப்படாதீர்கள்: சில இடங்கள் சாட்டா எம்.2 ஐ மட்டும் ஏற்கும், என்விஎம்இ குச்சி செருகுப்பட்டாலும் பயோஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருளில்) தெரியாது. ஜென் 3 இடத்தில் ஜென் 4 போட்டால் ஓடும், ஜென் 3 வேகத்தில். மொடல் இலக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நானே பார்த்துச் சொல்கிறேன். காசு இல்லை.

அலுவலக வேலைக்கு, பாடசாலை வேலைக்கு 240 அல்லது 256 ஜிபி காணும். 120 மலிவுதான், ஆனால் அப்டேட் ஏற ஏற நிரம்பிவிடும். நிரம்பிய எஸ்எஸ்டி மந்தமாகும். ஸ்ரூடியோக்காரர் 500 க்குக் குறைய வாங்க வேண்டாம். உண்மையில் அந்த 3500, 7000 எல்லாம் கொஞ்சமாவது பயன்படுவது பெரிய வீடியோக் கோப்புகளைத் தூக்கிப் போடும் அவர்களுக்குத்தான். அதிலும் மலிவுச் சாமானில் முதல் கொஞ்ச ஜிபி வேகமாய்ப் போய், பிறகு ஹாட் டிஸ்க் அளவுக்கு விழுந்துவிடும்.

ஒன்லைனில் நம்பமுடியாத விலைக்கு விற்கும் "2 ரிபி எஸ்எஸ்டி"யைத் தொடவே தொடாதீர்கள். வெளியே செருகும் அப்படியொன்றைக் கொண்டுவந்து, கழற்றி லப்டொப்புக்குள் போடச் சொன்னார் ஒருவர். கோதைப் பிளந்தால், நகம் அளவு மெமரி காட் ஒன்று பசையில் ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் பாரத்துக்கு ஒரு இரும்புத் துண்டு. விண்டோஸில் 2 ரிபி என்றுதான் காட்டியது. இதில் படங்களைச் சேமித்திருந்தால், நிரம்பிய பிறகு போட்டதெல்லாம் காற்றோடு போயிருக்கும்.

தொழில் செய்யும் தம்பிமாருக்கு ஒரு சொல்: டெஸ்க்டொப்பில் புதிய எஸ்எஸ்டிக்கு விண்டோஸ் ஏற்றும்போது பழைய டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் தொடங்கும் கோப்புகள் பழையதிலேயே போய் இருந்துவிடும். அது செத்த அன்றைக்குப் புதியதும் எழும்பாது.

விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டது. எஸ்எஸ்டி போட்டால் 11 ஏறுமா என்று கேட்பவர்களுக்கு: அதற்கு டிஸ்க் காரணமில்லை. இன்ரெல் என்றால் பொதுவாக 8 ஆம் தலைமுறைப் புரொசசரும் ரிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) உம் வேண்டும்.

தயவுசெய்து ஒன்று. ஹாட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் டிக் டிக் என்று அழும். எஸ்எஸ்டி பலமுறை சொல்லாமலே போகும், அதிலிருந்து மீட்பது இன்னும் கடினம். கழற்றிய பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் எறியாதீர்கள். சின்னக் கேஸ் ஒன்றில் போட்டுத் தருகிறேன், பிள்ளைகளின் படங்களையும் காணி உறுதியின் ஸ்கானையும் அதிலும் ஒரு பிரதி வையுங்கள். டெஸ்க்டொப்புக்கு யூபிஎஸ் வையுங்கள், இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள்.

லப்டொப்பைக் கொண்டுவரும்போது ஸ்லீப்பில் போட்டு மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு வராதீர்கள், முழுதாய் நிறுத்திவிட்டு வாருங்கள். சார்ஜரையும் பாஸ்வேர்ட்டையும் மறக்க வேண்டாம். பாதிப் பேர் அதுக்காகவே மாங்குளத்துக்கும் மல்லாவிக்கும் திரும்பிப் போகினம்.