போர் நடந்தது, எரிவாயுவும் ஓடியது

தங்களுக்குள் நிறைய வாங்கி விற்கும் நாடுகள் போரிடுவதில்லை என்கிறார்களே, உண்மையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வணிகத்தின் இயல்பான விளைவு அமைதி என்று பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ 1748இலேயே எழுதிவிட்டார். 1914க்கு முன்பு பிரிட்டனும் ஜெர்மனியும் ஒன்றுக்கொன்று பெரிய வாடிக்கையாளர்கள். ஜெர்மன் வணிகக் கப்பல்கள் பல லண்டன் லாயிட்ஸில்தான் காப்பீடு செய்யப்பட்டிருந்தன. போர் மூண்டு அவற்றைப் பிரிட்டிஷ் கடற்படையே மூழ்கடித்தாலும் இழப்பீடு தருவோம் என்று லாயிட்ஸ் தரப்பில் அரசுக் குழுவிடமே சொல்லப்பட்டது. அப்படியும் போர் வந்தது.

ஆகவே வணிகத்தால் பயனில்லை என்று முடிவுகட்டுவதும் அவசரம்தான். கணக்குப் பார்ப்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. டச்சுப் பொருளியலாளர் யான் டின்பெர்கன் 1962இல் கொடுத்த சூத்திரம் நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் போன்றது: இரு நாடுகளின் பொருளாதாரம் பெரிதானால் வணிகம் கூடும், தொலைவு கூடினால் குறையும். அதாவது பக்கத்து நாடுகள்தான் அதிகம் வாங்கி விற்கும். எல்லைத் தகராறும் பக்கத்து நாட்டோடுதானே வரும்? தொலைவைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், வணிகம்தான் போரை உண்டாக்குகிறது என்றுகூட நிரூபித்துவிடலாம்.

எதிர்ப்பக்கத்திலும் இதே கூத்து உண்டு. மெக்டொனால்ட்ஸ் கடை உள்ள இரு நாடுகள் போரிட்டதே இல்லை என்று 1990களில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுத, பலரும் அதை விதியாகவே எடுத்துக்கொண்டார்கள். 1999இல் அமெரிக்கா உள்ளிட்ட நேட்டோ நாடுகளின் விமானங்கள் யுகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடில் குண்டு வீசின. அங்கே 1988 முதலே மெக்டொனால்ட்ஸ் இருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததை விதியாக்குகிறவர்கள் ஜோதிடர்கள் மட்டுமல்ல.

பிலிப் மார்ட்டின், தியரி மேயர், மத்தியாஸ் தோனிக் என்ற மூன்று பொருளியலாளர்கள் 1950 முதல் 2000 வரையிலான மோதல்களை அலசி 2008இல் வெளியிட்ட ஆய்வுதான் என்னை அசத்தியது. இரு நாடுகள் தங்களுக்குள் அதிகம் வணிகம் செய்தால் அவற்றுக்கிடையே போர் வாய்ப்பு குறைகிறது. அதே நாடுகள் உலகின் மற்ற நாடுகளோடு அதிகம் வணிகம் செய்தால், அந்த இரண்டுக்கும் இடையே போர் வாய்ப்பு கூடுகிறது! காரணம் எளிது. உன்னோடு சண்டை வந்தால் உன்னிடம் வாங்குவதை வேறொருவரிடம் வாங்கிக்கொள்வேன் என்ற நிலை வந்துவிட்டால், உன்னோடு சண்டை போடும் செலவு குறைந்துவிடுகிறது. வணிகம் எவ்வளவு என்பதைவிட, அதற்கு மாற்று இருக்கிறதா என்பதே முக்கியம்.

இதைக் கண்ணால் பார்க்க எரிவாயுக் குழாயைவிட நல்ல இடமில்லை. குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலில் அனுப்பும் எரிவாயுவை (எல்என்ஜி) நடுக்கடலில்கூட வேறு துறைமுகத்துக்குத் திருப்பலாம். மண்ணில் புதைத்த குழாயைத் திருப்ப முடியாது. சோவியத் காலத்தில் பதித்த குழாய்கள் சைபீரிய எரிவாயுவை உக்ரைன் வழியாகவே மேற்கு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின. 1990களின் இறுதியில் அவ்வழியே ஆண்டுக்கு 10,000 கோடி கன மீட்டருக்கு மேல் ஓடியது. உக்ரைனைப் பகைத்தால் ரஷ்யாவின் கல்லாவே காலியாகும். 2009 ஜனவரியில் விலைத் தகராறில் குழாய் சுமார் இரண்டு வாரம் மூடப்பட்டபோது இரு தரப்புக்கும் அடி விழுந்தது.

அதற்கு முன்பே மாஸ்கோ மாற்றுவழி தேடத் தொடங்கியிருந்தது. உக்ரைனைத் தொடாமல் ரஷ்யாவிலிருந்து பால்டிக் கடலடியில் ஜெர்மனிக்குப் போகும் 1,224 கிலோமீட்டர் நீளமுள்ள நார்ட் ஸ்ட்ரீம் குழாய் 2011இல் திறக்கப்பட்டது. கொள்ளளவு ஆண்டுக்கு 5,500 கோடி கன மீட்டர். 2020இல் கருங்கடலடியில் துருக்கிக்குப் போகும் டர்க்ஸ்ட்ரீம் குழாய் வந்தது. 2021இல் உக்ரைன் வழியே போனது சுமார் 4,000 கோடிதான். வணிகம் பெருகினால் ரஷ்யா அடங்கும் என்று பெர்லின் நம்பியது. அந்த வணிகத்துக்காகப் போட்ட குழாயே உக்ரைனை ரஷ்யாவுக்குத் தேவையற்றதாக்கிக்கொண்டிருந்தது. 2022இல் நடந்த படையெடுப்புக்குக் குழாய்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். தயங்குவதற்கு இருந்த காரணங்களில் ஒன்று போய்விட்டது, அவ்வளவே.

எஞ்சிய குழாய் என்ன ஆனது என்பதுதான் வேடிக்கை. போர் நடக்கும்போதே உக்ரைன் வழியே ரஷ்ய எரிவாயு ஓடியது. ரஷ்யா வழிக்கட்டணமும் கொடுத்தது. 2024 ஆகஸ்டில் உக்ரைன் படை ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதிக்குள் புகுந்து, எரிவாயுவை அளந்து அனுப்பும் சூட்ஜா நிலையத்தைப் பிடித்தது. அப்போதும் அங்கே நாளொன்றுக்குச் சுமார் 4 கோடி கன மீட்டர் எரிவாயு எல்லை தாண்டிக்கொண்டிருந்தது. பீரங்கியால் நிற்காத ஓட்டம் 2025 ஜனவரி 1 அன்று நின்றது. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தது, உக்ரைன் புதுப்பிக்கவில்லை.

இப்போது நம் கணக்கு. 2024-25இல் சீனாவிடம் ஏறத்தாழ 11,300 கோடி டாலருக்கு வாங்கினோம், சுமார் 1,400 கோடி டாலருக்கு விற்றோம். நமக்கு மாற்று கிடைப்பது கடினம், அவர்களுக்கு எளிது. 2025 ஏப்ரலில் மின்வாகன மோட்டாருக்கு வேண்டிய அருமண் (rare earth) காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்ததும் இங்கே மின்வாகன ஆலைகள் திண்டாடின. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் அருமண் தனிமங்கள் கொண்ட மோனசைட் என்ற கனிமம் இருப்பது 1909 முதலே தெரியும். மணலைக் காந்தமாக்கும் ஆய்வுக்குத்தான் உருப்படியாகப் பணம் ஒதுக்கவில்லை. 7,280 கோடி ரூபாயில் காந்த உற்பத்தித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2025 நவம்பரில்தான்.

இங்கே ஒரு முரண் இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன விதிப்படி, நாமும் மாற்று தேடிக்கொண்டால் சீனாவோடு மோதும் செலவு நமக்கும் குறையும். ஆனாலும் ஆய்வகத்துக்குப் பணம் கொடுங்கள் என்றே சொல்வேன். இரு தரப்பையும் கட்டும் வணிகம்தான் போரைத் தள்ளிப்போடும். ஒரு தரப்பை மட்டும் கட்டினால், மறு தரப்பு மிரட்டுவதற்கே அது உதவும்.