டிராப் வருகிறது, சிலிர்ப்பு வரவில்லை

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "ஐந்து வருடமாக எலெக்ட்ரானிக் இசை தயாரிக்கிறேன். வார இறுதியில் டிஜே. மூன்று மாதமாக எந்தப் பாட்டைக் கேட்டாலும் உள்ளே ஒன்றும் நடப்பதில்லை. டிராப் (அடக்கிவைத்த தாளமும் பேஸும் ஒரேயடியாக வந்து இறங்கும் இடம்) வருகிறது, கூட்டம் கத்துகிறது, நான் மட்டும் மணி பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எனக்குக் காது போய்விட்டதா, மனசு போய்விட்டதா?"

முதலில் காதைப் பார்த்துவிடுவோம். 85 டெசிபல் ஒலியில் நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பணியிடங்களில் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடக் கூட, நேரம் பாதி பாதியாகக் குறையும். 100 டெசிபலில் மிஞ்சுவது வெறும் 15 நிமிடம்தான். காதில் ரீங்காரம் நிற்கவில்லை, கூட்டத்தில் எதிரே இருப்பவர் பேசுவது பிடிபடவில்லை என்றால், செவிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் இவர் சொல்வது வேறு. ஒலி தெளிவாகக் கேட்கிறது, சிலிர்ப்புதான் வரவில்லை. அது காதைத் தாண்டி உள்ளே நடக்கும் சங்கதி.

டோபமைனை 'இன்பம் தரும் ரசாயனம்' என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். அது பாதிதான் உண்மை. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, அவற்றின் டோபமைன் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அணுக்கள் துடித்தன. சாறு வருமுன் ஒரு சமிக்ஞையைக் காட்டிப் பழக்கியதும் அந்தத் துடிப்பு சமிக்ஞைக்கு இடம் மாறிவிட்டது. அதன்பின் சாறு வந்தாலும் அணுக்கள் சும்மா இருந்தன. சாறு வராமல் போனாலோ, வழக்கமான துடிப்பும் அடங்கிப்போனது. அதாவது அந்த அணுக்கள் கணக்குப் பார்ப்பது, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை.

இசையில் இது எப்படி நடக்கிறது? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. இசை கேட்டுச் சிலிர்ப்பவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்குப் பிடித்த இசையையே போட்டு, மூளையை பெட் ஸ்கேன் செய்தார்கள். உயிரோடிருக்கும் மனிதரின் மூளைக்குள் டோபமைனை எப்படி அளப்பது? அங்கேதான் அழகான ஒரு தந்திரம் இருக்கிறது. டோபமைன் வந்து உட்காரும் ஏற்பிகளை நாற்காலிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராக்லோபிரைடு என்ற பொருளும் அதே நாற்காலிகளில் உட்காரும். அதில் மெல்லிய கதிரியக்கம் ஏற்றி உடலில் செலுத்தினால், அது எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரியும். டோபமைன் நிறையச் சுரந்தால் நாற்காலிகளை அது பிடித்துக்கொள்ளும், ராக்லோபிரைடுக்கு இடம் குறையும், ஸ்கேனில் ஒளி மங்கும். ஒளி மங்கிய அளவைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத டோபமைன் எவ்வளவு கூடியது என்று சொல்லிவிடலாம்.

பிடித்த இசையில் ஒளி மங்கியது. சிலிர்ப்பு உச்சத்தில் இருந்தபோது நியூக்ளியஸ் அக்யும்பென்ஸ் என்ற பகுதி சுறுசுறுப்பானது. அதற்குச் சில நொடிகள் முன்பே, "இதோ வரப்போகிறது" என்ற காத்திருப்பில், காடேட் என்ற இன்னொரு பகுதி விழித்துக்கொண்டது. டிராப்புக்கு முன் தாளத்தை நெருக்கி, பேஸை எடுத்துவிட்டு, ஒரு கணம் எல்லாவற்றையும் நிறுத்தும் அந்த பில்ட்-அப் இருக்கிறதே, அது அந்தக் காத்திருப்பைத்தான் மீட்டுகிறது.

இப்போது ஒரு தயாரிப்பாளரின் இரவைப் பாருங்கள். நிமிடத்துக்கு 128 பீட். எட்டு பார் லூப் ஒன்று, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் ஒரு துண்டு, ஓடுகிறது. பாருக்கு நான்கு வீதம் மொத்தம் 32 பீட், அதாவது சரியாக 15 நொடி. ஒரு மணி நேரத்தில் அதே 15 நொடி 240 முறை. ஸ்நேர் டிரம் கொஞ்சம் முன்னால் வர வேண்டுமா, கிக் டிரம் ஒலியின் வால் நீளமா என்று பார்த்துக்கொண்டே மூன்று மணி நேரம் போனால் 720 முறை. 721ஆம் முறை டிராப் வரும்போது மூளைக்கு எதிர்பார்க்க என்ன மிச்சம்? வித்தியாசம் சுழியம். போதாக்குறைக்கு அவர் கேட்பது ரசிப்பதற்காகவும் இல்லை, பிழை பிடிப்பதற்காக. ரசிகரும் பிடித்த பாட்டைத் திரும்பத் திரும்பத்தான் கேட்கிறார், ஆனால் முழுப் பாட்டாக, இடைவெளி விட்டு. விடியற்காலையில் "இந்த ட்ராக் குப்பை" என்று அழிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, அந்த நேரத்தில் தீர்ப்பு எழுதும் நிலையில் உங்கள் மூளை இல்லை. இரண்டு நாள் திறக்காமல் வையுங்கள். சலிப்பு என்றால் அதிலேயே தெளிந்துவிடும்.

தெளியாவிட்டால்? உறக்கத்தைப் பார்க்க வேண்டும். இங்கே மறுபடி அந்த நாற்காலிக் கணக்கு வருகிறது. மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழுவினர் ஓர் இரவு முழுக்க ஆட்களை உறங்கவிடாமல் வைத்து, அதே ராக்லோபிரைடு ஸ்கேன் செய்தார்கள். ஒளி மங்கியிருந்தது. டோபமைன் கூடிவிட்டதா, நாற்காலியே குறைந்துவிட்டதா? ஸ்கேனில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். டோபமைனைக் கூட்டும் மருந்தைக் கொடுத்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார்கள். உறங்கியபோதும் உறங்காதபோதும் மருந்தால் டோபமைன் கூடிய அளவு ஒன்றாகவே இருந்தது. ஆகவே குறைந்தது நாற்காலிதான் என்று 2012இல் எழுதினார்கள். நாற்காலி குறைந்தால், டோபமைன் வந்தாலும் உட்கார இடம் குறைவு. இசைச் சிலிர்ப்பை அளக்க இத்தனை விலையுயர்ந்த கருவி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உறக்கமிழந்த மூளையில் என்ன குறைகிறது என்று காட்டிக்கொடுத்ததும் அதே கருவிதான். இத்தகைய ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்குவதை ஆடம்பரம் என்று நான் ஒருநாளும் நினைக்க மாட்டேன்.

ஓர் இரவின் கதை அது. பர்ன்அவுட், அதாவது வேலையிலேயே எரிந்து தீர்ந்துபோவது, மாதக்கணக்கில் சேர்வது, இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாது. ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974இல் இந்தச் சொல்லை ஆய்வுலகுக்குக் கொண்டுவந்தார். உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்ற பட்டியல் இதை நோயாகக் கருதாமல், சரியாகக் கையாளப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தின் விளைவாக வைக்கிறது. அது சொல்லும் அடையாளங்கள் மூன்று: வற்றிப்போன சோர்வு, வேலையின் மேல் விலகலும் கசப்பும், தன் திறமையில் நம்பிக்கை சரிவது. இசைக்காரர்களிடம் எல்லோர் கண்ணிலும் படுவது முதலாவது. என் பார்வையில் முன்னதாக எட்டிப் பார்ப்பது இரண்டாவது. "இந்தக் கூட்டத்துக்கு என்ன தெரியும், எதைப் போட்டாலும் ஆடும்" என்று ஒருவர் வாயில் வர ஆரம்பித்தால் எனக்குக் கவலை வந்துவிடும். மிக்ஸிங் செய்யும் நண்பர் ஒருவர் ப்ராஜெக்ட் ஃபைலைத் திறப்பார், லோடாகும்வரை காத்திருப்பார், ஒரு நொடிகூடப் போட்டுக் கேட்காமல் மூடுவார். ஒரே மாலையில் நான்கு முறை. அதைச் சோம்பல் என்று அவரே திட்டிக்கொண்டிருந்தார்.

துன்பப்பட்டால்தான் நல்ல கலை பிறக்கும் என்பது என்னைப் பொறுத்தவரை ஒரு மூடநம்பிக்கை, அதுவும் ஆளை அழிக்கக்கூடியது. உலகப் புகழின் உச்சியில் இருந்த சுவீடன் டிஜே அவிச்சி, மேடைப் பயணங்களை விடுவதாக 2016இல் அறிவித்தபோது வயது 26. 28 வயதில் இறந்தும் போனார். அந்த வயதில் ஒருவர் போதும் என்றால், ஏன் என்று கேட்கும் ஆட்கள் சுற்றிலும் இருக்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? டிஜேக்களுக்கு முதல் எதிரி விடியல் வெளிச்சம். நீலம் கலந்த ஒளி கண்ணில் பட்டதும் மூளையின் மையக் கடிகாரம் பகல் தொடங்கியதாக எடுத்துக்கொள்ளும். மேடையில் உங்கள் செட் (டிஜேயின் நிகழ்ச்சி நேரம்) முடிந்து வெளியே வரும்போது கறுப்புக் கண்ணாடி, போய்ப் படுக்கும் அறையில் முழு இருட்டு. இரவு 1 மணிக்குக் குடித்த காபியில் ஏறக்குறைய பாதி காலை 6 மணிக்கும் உடலில் இருக்கும். மது உறக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவந்து, பிற்பாதியைத் துண்டுதுண்டாக்கிவிடும். நேர மண்டலம் தாண்டினால் உடல் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். வாரத்துக்கு மூன்று கண்டம் என்று நிகழ்ச்சித் தேதி கொடுப்பவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டுங்கள். தேதிகளைக் குறைக்காமல் தியானம் மட்டும் செய்யச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தயாரிப்பாளர்கள் லூப்பை விட்டு, இடையிடையே முழுப் பாட்டையும் குறைந்த ஒலியில் ஓடவிட்டுக் கேளுங்கள். வேலைக்குச் சம்பந்தமே இல்லாத இசையை, ஹெட்ஃபோன் இல்லாமல், வேறு ஏதாவது செய்துகொண்டே கேட்கும் நாள் ஒன்று வாரத்தில் இருக்கட்டும். அந்த நாளும் வெறுமையாகப் போகிறதா, சாப்பாடு, நண்பர்கள், எதிலுமே ருசி இல்லையா? அப்படியானால் அது வேலையைத் தாண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கடிதம் எழுதிய நண்பரே, கூட்டம், டிராப், கடிகாரம் எல்லாவற்றையும் சொன்னீர்கள். எத்தனை மணிக்கு உறங்குகிறீர்கள் என்று மட்டும் எழுதவில்லை. அடுத்த இரண்டு வாரம் படுக்கும் நேரம், எழும் நேரம், அன்று ஏதாவது ஒரு பாட்டு உங்களைத் தொட்டதா இல்லையா, மூன்றையும் குறித்து அனுப்புங்கள். அதை வைத்துப் பேசுவோம்.