‘குடிக்காதே’ என்ற அறிவுரை ஏன் போதவில்லை?

பாலியல் அத்துமீறலிலிருந்து தப்பப் பெண்களிடம் ‘குடிக்காதே’ என்று மட்டும் சொன்னால் போதாது. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள பெரிய மதுக்கூடங்களில், பயிற்சி பெற்ற பார்வையாளர்கள் இரவு நேரங்களில் அமர்ந்து, கண்ணில்படும் தகராறுகளையும் சீண்டல்களையும் குறித்து வந்தார்கள். ஆய்வாளர் கேத்ரின் கிரஹாமின் குழு அந்தக் குறிப்புகளை ஆராய்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டது. ஒரு பெண்ணிடம் ஆணின் பாலியல் அத்துமீறல் எவ்வளவு தூரம் போனது என்பதற்கும் அவனுடைய போதைக்கும் தொடர்பு தென்படவில்லை. அந்தப் பெண் எவ்வளவு போதையில் இருந்தாள் என்பதோடுதான் அது பொருந்தியது. ‘குடிவெறியில் ஏதோ செய்துவிட்டான்’ என்ற சமாதானம் இங்கே எடுபடவில்லை. தடுமாறுகிறவள் யார் என்று பார்த்துத்தான் கை நீண்டிருக்கிறது.

அமெரிக்கக் கல்லூரி மாணவிகள் மீதான பாலியல் வன்கொடுமைகளில் ஏறத்தாழ பாதியில் மது சம்பந்தப்பட்டிருக்கிறது. செய்பவன் பெரும்பாலும் முன்பின் தெரியாதவன் அல்ல. வகுப்புத் தோழன், தோழியின் நண்பன், விருந்துக்கு அழைத்துப்போனவன். தடுப்பு முயற்சிகள் பல காலம் கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான். இருட்டில் தனியே போகாதே, கோப்பையைக் கண்ணெதிரே வைத்துக்கொள் என்ற அறிவுரைகள் அந்நியனுக்காக எழுதப்பட்டவை.

மது மூளையில் செய்வதைப் பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். போதையில் கவனம் குறுகிவிடுகிறது. கண்முன் பளிச்சென்று நிற்பது மட்டுமே மனத்தில் பதிகிறது. உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீலும் ராபர்ட் ஜோசப்ஸும் 1990-இல் இதை மதுவின் கிட்டப்பார்வை என்று விளக்கினார்கள். பளிச்சென்று தெரிவது நண்பனின் சிரிப்பு, கலகலப்பு. அவன் மீண்டும் மீண்டும் ஊற்றித் தருவதும், கூட்டத்திலிருந்து மெல்லப் பிரித்து அழைத்துப்போவதும், ‘வேண்டாம்’ என்றதைக் காதில் வாங்காததும் மங்கிப்போகின்றன. இரத்தத்தில் மதுவின் அளவு வேகமாக ஏறினால், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி தன் வேலையை நிறுத்திவிடக்கூடும். அப்போதும் ஒருவரால் நடக்கவும் பேசவும் முடியும். மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. பெண்ணின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால், ஒரே எடையுள்ள ஆண் குடிக்கும் அதே அளவு அவளுக்குக் கூடுதலாக ஏறும்.

போதை ஏறாத நிலையிலேயே இன்னொரு தடை உண்டு. தெரிந்தவனைத் தள்ளிவிட மனம் கூசுகிறது. ‘தப்பாக நினைத்துவிட்டேனோ, எல்லோர் முன்னாலும் அவமானமாகிவிடுமே, நட்பு முறிந்துவிடுமே’ என்ற தயக்கத்தில் கழியும் நிமிடங்கள் விலைமதிப்பற்றவை. கனடாவின் விண்ட்சர் பல்கலைக்கழக உளவியலாளர் சார்லீன் சென் உருவாக்கிய பயிற்சி இந்தத் தயக்கத்தைத்தான் குறிவைக்கிறது. மூன்று மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகள். ஆபத்தின் அறிகுறிகளை மதிப்பிடுவது முதல் அமர்வு. அறிமுகமானவனிடமிருந்தும் ஆபத்து வரலாம் என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்வதும், அவன் கெஞ்சியும் வற்புறுத்தியும் பேசும்போது பணிந்துபோகாமல் பதில் சொல்லிப் பழகுவதும் இரண்டாவது. மூன்றாவதில் உரக்கக் கத்தவும், அடித்து விடுவித்துக்கொள்ளவும் தற்காப்புப் பயிற்சி. நான்காவது அமர்வுதான் என்னை மிகவும் கவர்ந்தது: தனக்கு எது விருப்பம், எது விருப்பமில்லை என்று அந்தப் பெண் யோசித்துத் தெளிவதற்கான நேரம் அது. தன் விருப்பத்தை அறிந்தவளுக்கு மறுப்பைச் சொல்ல வார்த்தை தேட வேண்டியிருக்காது.

மூன்று கனடியப் பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவிகள் ஏறத்தாழ 900 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சி. மறு பிரிவுக்கு வழக்கமான துண்டுப் பிரசுரங்கள். 2015-இல் முடிவுகள் வெளியாயின. ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பிரசுரப் பிரிவில் 9.8 சதவீதம், பயிற்சிப் பிரிவில் 5.2 சதவீதம். வன்புணர்வு முயற்சிக்கு ஆளானவர்கள் 9.3 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணையே பழிக்கும் எண்ணமும் பயிற்சி பெற்றவர்களிடம் குறைந்ததும், பலன் இரண்டாண்டுகள்வரை நீடித்ததும் அடுத்த ஆய்வில் தெரியவந்தன.

பொறுப்பைப் பெண்கள் தலையில் சுமத்துகிறார்கள் என்ற விமர்சனம் எழுந்தது. அதில் நியாயம் உண்டு. குற்றத்துக்குப் பொறுப்பு அதைச் செய்பவன் மட்டுமே. அதனால்தான் மறுபக்கத்திலும் வேலை நடக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷைர் பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சி, பக்கத்தில் நிற்பவர்கள் குறுக்கிடக் கற்றுத்தருகிறது. தள்ளாடும் பெண்ணை ஒருவன் வெளியே அழைத்துப்போகும்போது நடுவில் புகுந்து, “உன் தோழி உன்னைத் தேடுகிறாள், வா” என்றால் போதும், சண்டை தேவையில்லை. அமெரிக்க மாநிலமான ஜார்ஜியாவில் ஆண் மாணவர்களுக்கென்றே இணையவழிப் பாடம் ஒன்று சோதிக்கப்பட்டது. முழு நினைவின்றி இருப்பவளின் மௌனமும் தலையசைப்பும் சம்மதம் ஆகாது என்பதை அங்கே இளைஞர்களிடம் நேரடியாகப் பேசுகிறார்கள்.