படிக்க மனம் வரும்வரை காத்திருக்கும் பிள்ளைகள்

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு அடிப்படையான உயர்தரப் பரீட்சைக்கு நான்கைந்து மாதங்கள் இருக்கும்போது, கொழும்பிலும் அதன் அயலிலும் உள்ள வெள்ளவத்தையிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை என்னிடம் அழைத்து வரத் தொடங்குவார்கள். உளவளத்துணையாளராக நான் பணியாற்றி வரும் காலம் முழுவதிலும் அவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது: "படிக்க மனம் வருகுதில்லை எண்டு சொல்லுறான்." பிள்ளையிடம் தனியாகப் பேசினால் அவனும் அதையே, இன்னும் தாழ்ந்த குரலில் சொல்கிறான். முதலில் மனம் வர வேண்டும், அதன் பிறகுதான் படிப்பு என்பதில் தாய்க்கும் பிள்ளைக்கும் கருத்து வேறுபாடே இல்லை. நான் கண்டவரையில் இந்த வரிசை தலைகீழானது. அதைவிடக் கவலைக்குரியது, பரீட்சை ஆண்டில் பிள்ளையின் அன்றாட வாழ்க்கையை அன்பின் பெயரால் நாம் சுருக்கிவிடுவதும், அதனால் அந்த மனம் வரக்கூடிய வழிகளையெல்லாம் நாமே அடைத்துவிடுவதும் ஆகும்.

கணிதப் பிரிவில் இரண்டாம் தடவை பரீட்சைக்குத் தோற்றவிருந்த ஒரு மாணவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் அவர்களுடைய வீடு. மகன் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து இரவு பதினொரு மணிவரை மேசையிலேயே இருப்பதாகவும், ஆயினும் வகுப்புப் பரீட்சைகளில் புள்ளிகள் இறங்கிக்கொண்டே போவதாகவும் தாயார் சொன்னார். ஒரேயொரு நாளை மட்டும் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, உண்மையில் என்ன செய்தாரோ அதையே வெட்கப்படாமல் எழுதி வருமாறு அந்த மாணவரிடம் கேட்டேன்.

அவர் கொண்டு வந்த தாளை இன்றைக்கும் மறக்கவில்லை. ஐந்து மணிக்கு மேசை. ஆறு மணிவரை நேர அட்டவணையைப் புதிதாக வரைந்து, பாடத்துக்கு ஒரு நிறம் தீட்டியிருக்கிறார். ஆறரைக்கு அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அதன் பின்னர் இணைந்த கணிதக் கொப்பியில் முதல் நாள் செய்த கணக்கையே அழகான எழுத்தில் மீண்டும் எழுதியிருக்கிறார். பத்து மணிக்குப் பிறகு "ரயில்" என்ற சொல் மட்டும் பல வரிகளில் வந்தது. கடற்கரைப் பாதையில் போன ஒவ்வொரு ரயிலையும் அவர் எண்ணியிருக்கிறார். கூட்டிப் பார்த்தபோது உண்மையாகப் படித்தது இரண்டரை மணித்தியாலம். தாளின் அடியில், "மிச்ச நேரம் முழுக்க இருந்தனான்" என்று எழுதியிருந்தார்.

முதல் தடவை பரீட்சைக்குத் தோற்றுவதற்கு முன்னர் அந்தப் பிள்ளையின் நாள் எப்படி இருந்தது என்று தாயாரிடம் கேட்டேன். மாலையில் பேக்கரிக்குப் போய்ப் பாண் வாங்கி வருவாராம். தங்கையை வகுப்பிலிருந்து கூட்டிவருவாராம். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு கிரிக்கெட். முதல் பெறுபேறு வந்த கிழமையோடு இவை எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறார்கள். தொலைக்காட்சி உள்ளறைக்குப் போய்விட்டது. சாப்பாட்டுக் கோப்பைகூட மேசைக்கே வந்தது. ஒரு தாயின் தியாகம் அது, அதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. ஆனால் ஒருவருடைய நாளில் ஒரேயொரு காரியம் மட்டும் இருக்கும்போது, அதில் ஏற்படும் சிறு தோல்வியும் அந்த நாள் முழுவதின் தோல்வியாகிவிடுகிறது. பாண் வாங்கி வந்தவனுக்கு அன்று ஏதோ ஒன்று நிறைவேறியிருக்கும். அதுவும் இல்லாதவனுக்கு மாலையில் காட்டுவதற்கு எதுவும் இல்லை.

மனச்சோர்வுக்கான உளச் சிகிச்சைகளுள், மனநிலை சீரடையும்வரை காத்திராமல் சிறு செயல்களை முதலில் நாளுக்குள் கொண்டுவரும் முறை ஒன்று உண்டு. செயல் முன்னே செல்ல, மனம் பின்னால் வந்து சேரும் என்பதே அதன் அடிப்படை. அது நோயாளருக்கு மட்டும் பொருந்துவதன்று. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் றையன் ஆகிய உளவியலாளர்கள் மனிதரின் உந்துதலுக்கு மூன்று தேவைகளைச் சுட்டிக்காட்டினார்கள்: இதை நானே விரும்பிச் செய்கிறேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, எனக்கென்று மனிதர் இருக்கிறார்கள் என்ற உணர்வு. பரீட்சை ஆண்டில் பல வீடுகள், தாம் செய்வது இன்னதென்று அறியாமலே, இந்த மூன்றையும் ஒன்றாகப் பறித்துவிடுகின்றன.

எனவே அந்த மாணவரோடு நான் முதலில் படிப்பைப் பற்றிப் பேசவில்லை. பாண் வாங்கும் வேலையையும் தங்கையைக் கூட்டிவரும் வேலையையும் அவரிடமே திருப்பிக் கொடுக்கும்படி தாயாரிடம் கேட்டுக்கொண்டேன். சாப்பாடு இனி மேசைக்குப் போகக் கூடாது, அவர் குசினிக்கு வந்து எல்லோரோடும் இருந்து சாப்பிட வேண்டும் என்றேன். தாயார் தயங்கினார், அரை மணித்தியாலம் வீணாகும் என்று கணக்குப் பார்த்தார். இரண்டு கிழமை கழித்து அவரே தொலைபேசியில் அழைத்து, "இண்டைக்குத் தானா வந்து கோப்பையைக் கழுவி வைச்சவன்" என்றார். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது ஒன்றுமில்லை. எனக்கோ அந்த மாதத்தில் கிடைத்த நல்ல செய்தி அதுதான்.

படிப்பைத் தொடங்குவது இரண்டாவதாக வந்தது. "இன்றைக்குக் கணிதம் படிப்பேன்" என்பது தீர்மானம் ஆகாது, அது விருப்பம் மட்டுமே. "காலைத் தேநீர் குடித்த கோப்பையை வைத்தவுடன் 2015ஆம் ஆண்டு வினாத்தாளில் ஏ பகுதியின் முதல் வினாவைச் செய்வேன்" என்று நேரத்தையும் இடத்தையும் செயலையும் சேர்த்துக் கட்டும்போது தொடங்குவது எளிதாகிறது. பீற்றர் கோல்விற்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய கட்டுரை இதை விரிவாக விளக்குகிறது. பத்து நிமிடத்தில் முடியக்கூடிய ஒரு வினாவோடு தொடங்கிய பிள்ளை இரண்டாவது வினாவையும் பெரும்பாலும் செய்துவிடும். செய்ய முடியாத நேரத்தில் மேசையை விட்டு எழுந்துவிடுமாறு சொல்லியிருந்தேன், ஏனெனில் சும்மா இருந்த மேசையைப் பார்த்தாலே சோர்வு வரும் நிலைக்கு அவர் வந்திருந்தார்.

குறிப்புகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும் அழகாகப் பிரதி செய்வதும் மனத்தைத் தளரச் செய்யும் பழக்கங்கள் என்பதைப் பல மாணவர் உணர்வதில்லை. றோடிகர், கார்ப்பிக்கி ஆகிய உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நன்றாக நினைவுகூர்ந்தார்கள். ஒரு கிழமைக்குப் பிறகோ, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னின்றார்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல இருக்கிறது. பிறகு பௌதிகவியல் பல்தேர்வுத் தாளில் இரண்டு மணித்தியாலத்தில் ஐம்பது வினாக்களுக்கு முன் உட்காரும்போது ஒன்றும் வருவதில்லை. "இவ்வளவு படிச்சும் எனக்கு ஏலாது" என்ற முடிவுக்குப் பிள்ளை வருவது அந்த இடத்தில்தான். புத்தகத்தை மூடிவிட்டு வெறுந்தாளில் எழுதிப் பார்ப்பது முதல் சில நாட்கள் கசக்கும். ஆயினும் தனக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அது உண்மையாகக் காட்டிவிடுவதால், கிடைக்கும் சிறு முன்னேற்றத்தையும் பிள்ளை நம்பத் தொடங்குகிறது.

கொழும்புப் பிள்ளைகளுக்கென்று ஒரு தனிப் பாரம் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்த அனுமதிக்குப் பயன்படும் இசட் புள்ளி என்பது ஒருவர் பெற்ற புள்ளி ஏனையோரின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைக் காட்டும் அளவு. ஒரே புள்ளிக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் முடிவு மாறலாம். ஆகவே, "வேறு மாவட்டத்திலெண்டால் இதுக்குக் கிடைச்சிருக்கும்" என்ற பேச்சு பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டோடு பரிமாறப்படுகிறது. என்னிடம் வந்த ஒரு மாணவி, தன் வகுப்பில் எல்லோருடைய புள்ளிகளையும் வரிசைப்படி திரையில் காட்டிய நாளுக்குப் பிறகு அந்தப் பாடப் புத்தகத்தையே திறக்கவில்லை. பிறருடைய புள்ளியை மாற்றும் வல்லமை எந்தப் பிள்ளைக்கும் இல்லை. கையில் இல்லாத ஒன்றை நாள்தோறும் நினைவூட்டினால், கையில் இருப்பதும் நழுவிவிடுகிறது.

ஒரே பாடத்துக்குத் தியறி, ரிவிஷன், பேப்பர் என்று மூன்று தனியார் வகுப்புகளும், சிலருக்கு இரண்டு ஆசிரியர்களும் இருக்கிறார்கள். மாலை நெரிசலில் காலி வீதியில் பேருந்துக்குள் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால், கேட்டதைத் தானாகச் செய்து பார்க்க அந்தப் பிள்ளைக்கு எந்த நேரம் மிஞ்சுகிறது? ஒரு வகுப்பையாவது குறையுங்கள் என்று நான் கேட்காத பெற்றோர் இல்லை. தனியறையில் மனம் ஒட்டாத பிள்ளைகளைக் கொழும்பு பொது நூலகத்துக்கோ, வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகத்துக்கோ போய் இருக்கச் சொல்வதுண்டு. பக்கத்தில் இன்னொருவர் அமைதியாகப் படித்துக்கொண்டிருப்பது தரும் துணையை எந்த அறிவுரையும் தராது. பதின்ம வயதினருக்கு இரவில் எட்டு முதல் பத்து மணித்தியால உறக்கம் தேவை. இதில் பேரம் பேச இடமில்லை.

"கடைசி மூன்று மாதம் எல்லாத்தையும் விட்டுப் படிக்கட்டும்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. 2024 நவம்பரில் பரீட்சை தொடங்கிய சில நாட்களிலேயே சீரற்ற காலநிலையால் இடைநிறுத்தப்பட்டது. திகதி தள்ளிப்போகும் ஒவ்வொரு தடவையும், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிய பிள்ளைகளே முதலில் விழுந்தார்கள். குளிப்பு, சாப்பாடு, சிறு வேலை, நண்பனோடு அரை மணி நேரப் பேச்சு என்பவற்றோடு படித்தவர்களுக்கு இன்னும் ஒரு மாதம் படிப்பது தாங்கக்கூடியதாக இருந்தது.

அந்த மாணவர் மூன்றாம் கிழமையில் எழுதிய தாளில் படிப்பு ஐந்து மணித்தியாலமாக இருந்தது. மனம் வராத நாட்கள் அதற்குப் பிறகும் இருந்தன. அந்த நாட்களிலும் முதல் வினாவைச் செய்ததாக எழுதியிருந்தார். ரயில் என்ற சொல் ஒரு தடவைதான் வந்தது, தங்கையோடு கடற்கரைக்குப் போனதைப் பற்றிய வரியில்.

எல்லாப் பிள்ளைக்கும் இவ்வளவு போதாது. இரண்டு கிழமைக்கு மேலாக உறக்கமும் பசியும் கெட்டிருந்தால், குளிக்கவோ நண்பர்களுடன் பேசவோ மறுத்தால், "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்பதுபோல ஏதாவது சொன்னால், அதை ஊக்கக் குறைவு என்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று பிள்ளையிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை, பேசுவதற்கு ஒரு வாசல்தான் திறக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். உளவளத்துணைக்கான 1333 என்ற இலக்கத்துக்கும் கட்டணமின்றி அழைக்கலாம். பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே அழையுங்கள், அன்றிரவு பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.