வெளுத்ததெல்லாம் பால் அல்ல

திருப்பூரில் பனியன் துணிக்கான அச்சு மைகளோடு இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்யும் வேதியியல்காரன் நான். டி-ஷர்ட்டின் நெஞ்சுப் பகுதியில் ரப்பர் போலத் தடித்து மினுங்கும் படங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிசால் மையால் அச்சிடப்பட்டவை. பி.வி.சி. மாவை, எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கியில் கரைத்த குழம்புதான் பிளாஸ்டிசால். தூண்டில்காரர்கள் ரப்பர் புழு, ரப்பர் தவளை என்று சொல்லும் போலி இரைகளும் இதே குடும்பத்துச் சரக்கு. அதனால்தான் சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடுமலையிலிருந்து என் மச்சினரின் மகன் அழைத்தான்.

“மாமா, பால் திரிந்த மாதிரி ஆகிவிட்டது. இன்னும் இரண்டு நிமிடம் சூடு வைக்கட்டுமா?”

எந்தப் பால் என்று கேட்டேன். சொன்னான். மைக்ரோவேவை உடனே அணைக்கச் சொன்னேன். அது வீட்டுச் சமையலறையில் இருந்த மைக்ரோவேவ்.

விரால் பிடிக்கப் போகிறவன் அவன். விராலின் பல்லுக்கு ஒரு ரப்பர் இரை இரண்டு மூன்று மீனுக்கு மேல் தாங்குவதில்லை. கடை விலையைக் கணக்குப் பார்த்துவிட்டு, அச்சும் குழம்பும் வாங்கி வீட்டிலேயே ஊற்ற இறங்கிவிட்டான். இந்த ஆசையில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சமையல் செய்து பழகிய கையோடு அதில் இறங்குவதுதான் கவலை.

அவன் சொன்ன ‘திரிந்த பால்’ நிலையில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். குளிர்ந்திருக்கும்போது குழம்பு பால் வெள்ளை. சூடேறும்போது முதலில் இளகாது, இறுகும். மாவுத் துகள்கள் மென்மையாக்கியை உறிஞ்சி உப்பிக் களியாகின்றன, கட்டி கட்டியாகத் திரள்கின்றன. ஏறக்குறைய 170 முதல் 175 டிகிரி செல்சியஸுக்குப் போனால்தான் எல்லாம் ஒன்றாக உருகி, தெளிந்த தேனாக ஓடும். களி நிலையில் சூடு சீராகப் பரவாது. மேலே கட்டி தெரியும்போதே உள்ளே ஒரு மூலை 200 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடும். கூடுதலாக வைக்கும் அந்த இரண்டு நிமிடம் அந்த மூலையைத்தான் கருக்கும். வெளியே எடுத்து, நன்றாகக் கிளறி, முப்பது விநாடி வைத்து, மறுபடி எடுத்துக் கிளற வேண்டும். பொறுமையில்லாதவர்களுக்கு இந்த வேலை ஆகாது.

தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து அங்கேயே நின்றுவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் சமையல் குழம்பின் சூடு அதற்கு மேல் பெரிதாக ஏறாது. நம் கையின் பழக்கம் எல்லாம் இதை நம்பித்தான் உருவானது. பிளாஸ்டிசாலுக்கு அப்படி நிற்கும் இடம் கிடையாது. வெப்பமானி இல்லாமல் இதைத் தொடாதீர்கள். துப்பாக்கி போலப் பிடித்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி போதும். ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். கிளறிய கையோடு அளந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

சூடு மீறினால் என்ன ஆகும்? தெளிந்த குழம்பு மஞ்சளாகி, பழுப்பாகி, கருக்கும். பி.வி.சி.யில் கட்டுண்டிருக்கும் குளோரின், ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகப் பிரியத் தொடங்கும். ஈரம் பட்டால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் ஈரம் இருக்கிறது. இன்னொரு கெட்ட குணமும் உண்டு: வெளியேறும் இந்த வாயுவே மிச்சமிருக்கும் பிளாஸ்டிக்கின் சிதைவை வேகப்படுத்தும். தொடங்கிவிட்டால் தானாக ஓடும் வண்டி அது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், உலர்த்தும் அடுப்பின் ஓடுபட்டை பாதியில் நின்று, அச்சிட்ட துணிகள் வெப்பத்தட்டின் கீழேயே மாட்டிக்கொண்டன. எடுக்கப் போன பையன் இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தான். அன்று மாலை வரை அவன் குரல் கம்மியே இருந்தது.

உடுமலைப் பையன் வேலையைக் கொட்டகைக்கு மாற்றிய பிறகு ஒருநாள் போய்ப் பார்த்தேன். மேசை ஓரம் பெட்டியில் இருந்த புதுத் தூண்டில்முட்கள் துருவேறியிருந்தன. மழைக்காலம் என்றான். வீட்டுக்குள் வைத்திருந்த முட்களை எடுத்து வரச் சொன்னேன். பளபளவென்று இருந்தன. அதற்கு மேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. துணி முகக்கவசமும் என்95-உம் தூசிக்கானவை, இந்த வாயு அவற்றில் நிற்காது. கரிம ஆவிக்கும் அமில வாயுவுக்கும் உரிய வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். அதைவிட முக்கியம், காற்று உங்களைத் தாண்டி வெளியே போகும் இடத்தில் நிற்பது. புகை தெரிந்தால் பாத்திரத்தின் மீது குனியாதீர்கள், சூட்டை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அன்றே இன்னொன்றையும் பார்த்தேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிசில் அவனே செய்த அச்சு. தொட்டால் காய்ந்துதான் இருந்தது. தேன் போல ஒழுகவிட்டு அழகாக ஊற்றினான். இரண்டு நொடி எதுவும் இல்லை. பிறகு நடுவில் ஒரு குமிழ் எழும்பி, ‘பொட்’டென்று வெடித்தது. மிளகளவு துளி ஒன்று முன்கையில் ஒட்டியது. அனிச்சையாக மற்றக் கையால் துடைத்தான். அதில் இன்னொரு கோடு வெந்தது. நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். அச்சின் நுண்துளைகளில் ஒளிந்திருந்த ஒரு சொட்டு ஈரத்துக்கே இந்த வேலை. பிளாஸ்டர் அச்சை நாள் கணக்கில் உலர்த்தி, மேலே எப்பாக்சி போன்ற சூடு தாங்கும் பூச்சு கொடுத்து அடைத்த பிறகே ஊற்ற வேண்டும். கழுவிய கரண்டி, வியர்வை சொட்டும் நெற்றி, மேசையில் தண்ணீர்ச் செம்பு ஆகியவையும் இதே கணக்கில் சேரும். முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, முகம் முழுவதும் மறைக்கும் கவசம் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிய்க்காதீர்கள், தோலும் கூடவே வந்துவிடும். பற்பசை, பேனா மை, மஞ்சள் எதுவும் வேண்டாம். ஒட்டியதோடு அப்படியே மருத்துவமனைக்குப் போங்கள், எடுப்பது அவர்கள் வேலை. கண்ணில் பட்டால் கண்ணைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, தாமதிக்காமல் கிளம்புங்கள்.

இரை ஊற்ற எங்கள் அச்சு மையைக் கேட்டு வருபவர்களும் உண்டு. தர மாட்டேன். துணியில் மெல்லிய படலமாக உலர்த்துவதற்கென்று நிறமியும் நிரப்பிகளும் சேர்த்தது அது. உப்பி எழும் வகை மையில் நுரைக்கும் பொருள் வேறு இருக்கும். பழைய மின்கம்பி உறையை உருக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பழைய கம்பி உறைகளில் ஈய உப்புகள் இருக்க வாய்ப்பு அதிகம், கூடாது. மென்மையாக்கியிலும் கவனம் தேவை. தாலேட் வகையைச் சேர்ந்த டி.ஓ.பி. என்ற மென்மையாக்கி மலிவு, ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குழந்தைகளின் பொம்மைகளில் அது 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தாலேட் இல்லாத குழம்பு என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் ஊற்றுவது ஒன்றும் புதிய கிறுக்கு அல்ல. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரத்தில், 1926-ல் வால்டோ சீமன், ரப்பரை உலோகத்தில் ஒட்டும் பசையைத் தேடிப் போய், இளகும் பி.வி.சி.யைக் கண்டார். அதே ஊரில் 1949-ல் நிக் கிரீம் என்பவர் மண்புழுவைப் போலவே பிளாஸ்டிக் புழு வார்த்தார். ஒரே ஊர் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

சமையலறை மைக்ரோவேவ் இப்போது கொட்டகையில் இருக்கிறது. ஒருமுறை இதற்குப் பயன்படுத்தியது திரும்பச் சோற்றுக்கு வரக் கூடாது என்று வீட்டில் நானே சொல்லிவிட்டேன். மச்சினர் மனைவிக்குப் புதிது வாங்கித் தந்தது யார் என்று கேட்காதீர்கள்.

கிழிந்த இரைகளைக் குளத்தில் வீசாமல் அவன் சேர்த்து வைக்கிறான். விழுங்கும் மீனுக்கு அது செரிக்காது என்பதால் அது நல்ல பழக்கம். அவற்றை மறுபடி உருக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் வெப்பத்தைத் தாங்கவைக்கும் சேர்மானம் கொஞ்சம் தீர்ந்துபோகும், முன்பைவிடச் சீக்கிரம் மஞ்சளாகும். முள் எதுவும் உள்ளே மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பாருங்கள். உருக்குவதற்கு முன் வெட்டி, விரித்து, இரண்டு நாள் உலரவிடுங்கள். குளத்துத் தண்ணீர் அதன் மடிப்புகளில் இருக்கும்.