ட்ரோன் படத்தில் தெரியும் கறுப்புத் திட்டு

வெள்ளவத்தை, கல்கிசைப் பக்கம் ட்ரோன் பறக்கவிடும் பொடியன்கள் படத்தைக் காட்டி, "இந்தக் கறுப்பெல்லாம் முருகைக்கல்தானே?" என்று கேட்கிறார்கள். படத்தை மட்டும் பார்த்து ஆமென்று சொல்ல முடியாது. மேலிருந்து பார்த்தால் கடற்புல், பாசி படிந்த மணற்கல், முருகைக்கல் என்னும் பவளப்பாறை எல்லாம் ஒரே கறுப்பு. மேக நிழலும் சிலநேரம் அப்படித்தான்.

சிவப்பு ஒளியை முதல் சில மீற்றரிலேயே தண்ணீர் விழுங்கிவிடும். மிச்சம் நீலமும் பச்சையும்தான். கலங்கல் இருந்தால் அதுவும் இல்லை. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை, ட்ரோன் படத்தை வைத்துக் கடலடியை வரைபடமாக்கும் இந்த வேலையைக் கொழும்புக் கடலில் நினைக்கவே வேண்டாம். களனி கங்கை விழும் முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கம் மழைக்கு மறுநாள் போனால், பால்தேநீரைப் படமெடுத்துக்கொண்டு திரும்பலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை பரவாயில்லை. அதிலும் காற்று எழும்புமுன், காலையில். வெயில் உச்சிக்கு வந்தால் அலையில் தெறிக்கும் ஒளியே படத்தை மூடிவிடும்.

கல்கிசைக்கு அப்பால் படத்தில் நீளமாகத் தெரிந்த ஒரு திட்டில் இறங்கினோம். கரைக்கு இணையாக ஓடும் மணற்கல், மேலே பழுப்புப் பாசி, இடுக்குகளில் மட்டும் கையளவு முருகைக்கல். "அது பார் தம்பி, வலை கிழியும்" என்று படகுக்காரர் முதலே சொல்லியிருந்தார். பார் என்றால் கடலடிப் பாறை. மீனவரிடம் கேட்காமல் கடல் அளக்கப் போகிறவர்களை எனக்குப் புரிவதில்லை.

இறங்கியதும் 50 மீற்றர் நாடாவை அடியில் விரித்து, அதன் ஓரமாக அரை மீற்றர் சதுரச் சட்டத்தை வைத்து வைத்துப் படமெடுப்போம். தண்ணீருக்கடியில் ஜிபிஎஸ் வேலை செய்யாது. அதை மிதவையில் கட்டிச் சுழியோடி இழுத்துப் போவார். கமராவின் மணியும் ஜிபிஎஸ் மணியும் ஒன்றாக இருக்கவேண்டும். அரை நிமிடம் பிசகினாலும் முருகைக்கல் வரைபடத்தில் மணலில் போய் உட்கார்ந்துவிடும்.

சரி, இவ்வளவு பாடு எதற்கு? 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, பிளாஸ்டிக் குருணைகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. அப்படி ஒரு நாளில் சேதத்தைக் கணக்கிட, அதற்கு முன் அடியில் என்ன இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பறக்கவிடுமுன் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவையும் அனுமதியையும் பாருங்கள். கல்கிசைக்குப் பக்கத்திலேயே இரத்மலானை விமான நிலையம். துறைமுகப் பகுதியில் கெடுபிடி இன்னும் கூட. அப்புறம், அடி தெரியாத இடத்தை வரைபடத்தில் வெறுமையாகவே விடுங்கள். அழகுக்காக நிறம் நிரப்பச் சொல்லும் வாடிக்கையாளர்கள் வருவார்கள். தண்ணீர் தெளிந்தபின் இன்னொரு முறை பறப்பதற்கு அவர்களிடமே செலவைக் கேளுங்கள்.